கதாயிஃப் கடைக்கு ஓர் எடிட்டர்

அம்மான் நகரில் எத்தனையோ பேர் அவசரப்பட்டுக் கணினி நிரல் எழுதி உலகத்தைக் கெடுத்திருக்கிறார்கள். எங்கள் நிறுவனம் மட்டும் அந்தப் பாவத்தைச் செய்ததில்லை. நிறுவனம் என்றால் நானும் லுஜைனும். நான் தலைவர். அவள் மற்ற எல்லாமும்.

எங்கள் ஒரே வாடிக்கையாளர் அபூ யஸான். ரமலானில் மட்டும் விற்கிற கதாயிஃப் என்ற இனிப்புக்கு அவர் கடைதான் பேட்டையில் பிரசித்தம். போன வருடம் நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்க வாசலில் அடிதடி.

"வரிசையே இருக்கக் கூடாது. ஜனங்க வீட்லேருந்தே போன்ல நம்பர் எடுக்கட்டும். முதல் நோன்பன்னிக்கு ஆப் ஓடணும். இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்," என்றார்.

மூன்று மாதம் இருந்தது. சாதாரண மனிதர்கள் உடனே எழுத உட்கார்ந்திருப்பார்கள். நான், நிரலைத் தட்டச்சு செய்யும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க, 'எடிட்டர் தேர்வுக் குழு' அமைத்தேன். எதில் எழுதுவது என்று தெரியாமல் எதை எழுதுவது?

முதல் எடிட்டரில், அரபு வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டால் அது மறுமுனைக்கு ஓடியது. நிராகரிப்பு. இரண்டாவதில் அரபு எழுத்துகள் ஒட்டாமல், கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி தனித்தனியே நின்றன. தேசிய அவமானம். மூன்றாவது எல்லா வகையிலும் சரியாக இருந்தது. சந்தேகம் வந்து துணைக்குழு அமைத்தேன்.

"சுஹைப், கம்ப்யூட்டரோட வந்த வெத்து எடிட்டர்லயே எழுதிடறேன். ரெண்டு வாரம் போதும்," என்றாள் லுஜைன்.

"பின்னணி என்ன நிறம்?"

"வெள்ளை."

"கண்ணு என்னத்துக்கு ஆகும்? குழு ஒப்புதல் இல்லாம ஒரு வரி எழுதக் கூடாது."

"குழுவுல யார் யாரு?"

"நான். நீ பார்வையாளர்."

ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மதியம் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை அறிவித்தேன்: கரும்பச்சைப் பின்னணி, எழுத்தளவு பதினான்கு. நிரல் எழுத இன்னும் ஒரு முழு நாள் இருந்தது. மாதத்துக்கு முப்பது நாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அன்றே அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு ரமலான் பிறை தென்பட்டுவிட்டது. எங்களை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

அபூ யஸான் அழைத்தார். "நாளைக்கு நோன்பு, தம்பி. ஆப் எங்க?"

"எடிட்டரை முடிவு பண்ணிட்டோம், அபூ யஸான். கண்ணுக்கு ரொம்ப இதமா இருக்கு."

"நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் கடைக்கு வா. உன் கையாலயே நம்பர் எழுதிக் குடு."

போனேன். லுஜைன் வரவில்லை. அன்று காலைதான் வேறு நிறுவனத்தில் சேர்ந்திருந்தாள். அங்கே எடிட்டரை அவர்களே கொடுத்துவிடுகிறார்களாம்.

வரிசை மருந்துக்கடையைத் தாண்டி நின்றது. "நம்பர் இல்லாம யாருக்கும் கதாயிஃப் கிடையாது," என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, அபூ யஸான் என்னிடம் ஒரு கட்டுச் சீட்டும் இரண்டு பேனாவும் நீட்டினார். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.

நான் பொறுப்புள்ளவன். இரண்டிலும் கோடு கிழித்து, எது தெளிவு என்று ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டேன். பெரும்பான்மை நீலத்தின் பக்கம் சாய்ந்தபோது நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. நிமிர்ந்து பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை.

வரிசையே இருக்கக் கூடாது என்பதுதானே அபூ யஸான் கேட்டது? ஒரு வரி நிரல்கூட எழுதாமல் முடித்துக் கொடுத்துவிட்டேன்.