ஓடாத சிங்கி இறால்

ஒரு காட்டில் நடந்திருந்தால் சொல்ல எனக்கும் சௌகரியம்தான். என்ன செய்வது, சிங்கி இறால்கள் வசிப்பது கடலுக்கடியில். ஆகவே ஒரு பாசிக் காட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே வைரஸ் காய்ச்சல் பரவியது. சிங்கி இறாலுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பில் கொஞ்சம், மீசையில் மிச்சம். சீக்காளியின் வாடை மீசையில் பட்டதுமே ஆரோக்கியமான இறால் ஓடிவிடும். காலங்காலமாக இதுதான் வைத்தியம். அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தால் நிர்வாகத்துக்குப் பொறுக்குமா? பாறைப் பொந்தில் இடம் வேண்டுவோர் நோயில்லாச் சான்றிதழ் வாங்கி வாசலில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது.

பிலோமி என்ற பெண் இறாலுக்கு அன்று ஓடு கழற்றும் நாள். ஓடு கழன்றால் உடம்பு வெண்ணெய். பொந்துக்குள் ஒளியாவிட்டால் பேய்க்கணவாய் எட்டுக் கையாலும் அள்ளித் தின்றுவிடும். பாவம், விடிந்ததிலிருந்து சான்றிதழ் வரிசையில் நின்றாள். முன்னால் நாற்பது பேர். முதுகு ஓட்டில் விரிசல் விழத் தொடங்கியிருந்தது.

அப்போது செவத்தியான் என்ற இறால் காய்ச்சலோடு தள்ளாடி வந்து வரிசையில் சேர்ந்தான். வாடை அடித்ததுதான் தாமதம், நாற்பது பேரும் பத்துக் காலும் பிடரியில் பட ஓடினார்கள். பிலோமிக்கும் கால்கள் துடித்தன. ஆனால் ஓடினால் இடம் போய்விடுமே! மீசையைச் சுருட்டிக்கொண்டு சன்னலுக்குப் போனாள்.

குமாஸ்தா நண்டு நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, சீக்காளி வந்தப்ப நீ ஏன் ஓடல?"

"ஓடுனா சான்றிதழை யாரு வாங்குறது, ஐயா?"

"நல்லா இருக்கறவ ஓடியிருப்பா. நீ ஓடல. அப்ப உனக்கு நோய்."

அவள் தாளில் 'நோயாளி' என்று டொக்கென முத்திரை விழுந்தது.

"அப்ப ஓடுனவங்களுக்குக் குடுங்களேன்!"

"அவங்கதான் வரிசையில இல்லையே."

பின்னால் நின்ற செவத்தியான் அந்தத் தாளை எட்டிப் பார்த்தான். "ஐயோ, சீக்கு!" என்று அலறிக்கொண்டு ஓட்டம் பிடித்தான்.

நண்டுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "பாத்தியா, இதுக்குப் பேருதான் ஆரோக்கியம்!" என்றவர், துரத்திப்போய் அவன் கையில் சான்றிதழைத் திணித்தார்.

பிலோமி வெட்டவெளியில் அழுதுகொண்டே ஓடு கழற்றினாள். பேய்க்கணவாய் வந்தது. ஒரு கையால் அவளைத் தூக்கியது. மார்போடு அவள் அணைத்திருந்த தாள் கண்ணில் பட்டது.

"சீச்சீ, போயும் போயும் சீக்கு இறாலா?" என்று கீழே போட்டுவிட்டு நகர்ந்தது.

கொஞ்சம் தள்ளி செவத்தியானின் பொந்து. வாசலில் மாட்டியிருந்த நோயில்லாச் சான்றிதழைப் பேய்க்கணவாய் நிதானமாக இரண்டு முறை படித்தது. பிறகு உள்ளே கையை விட்டது.

நீதி: உயிர் பிழைக்க உடம்பில் எதிர்ப்புச் சக்தி வேண்டியதில்லை, முத்திரை வைத்த நோய் ஒன்று கைவசம் இருந்தால் போதும்.