மீற்றர் அண்ணையும் எங்கள் குசினி லைற்றும்

திருகோணமலையில் சூரியனை மட்டும் அணைக்காமல் விட்டுவைத்த மனிதர் மீற்றர் அண்ணை. அதுவும் கை எட்டாத காரணத்தால்தான். துறைமுகத்துக்குள் விளக்கேற்றி நிற்கிற கப்பல்கள் தப்பியதும் அதே காரணத்தால்தான்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மின்சார மீற்றரைப் பார்ப்பார். பிறகு குசினிக்குள் நுழைந்து அண்ணாந்து பார்ப்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"வெளிச்சம் மீனுக்கு வேணும். கூரை ஓட்டுக்கு எதுக்கு?" என்று கேட்டபடி கூரையில் எரிகிற குண்டு பல்பைக் கழற்றுவார். பையிலிருந்து சின்ன எல்.ஈ.டி. பல்ப் ஒன்று வரும். மீன் வெட்டுகிற இடத்துக்கு நேர் மேலே அதை வயரில் தொங்கவிடுவார்.

ஒரு கலியாண வீட்டில், சமையல்காரர் வெற்றிலை போட வெளியே வந்த இடைவெளியில் குசினி விளக்கை அணைத்துவிட்டார். சமையல்காரர் இருட்டுக்குள் போய்க் குழம்புக்கு இரண்டாம் தரமும் உப்புப் போட்டார். பந்தியில் ஒரே கூச்சல்.

"லைற் எரிஞ்சிருந்தாலும் இவர் ரெண்டு தரம்தான் போட்டிருப்பார்" என்றார் மீற்றர் அண்ணை, மேலும் சோறு வாங்கிக்கொண்டு.

அவரை அடக்கியவள் என் மனைவி சாந்தி ஒருத்திதான். எங்கள் குசினியில் பழைய ரியூப்லைற் ஒன்று இருந்தது.

"தங்கச்சி, அந்த ரியூப்பைக் கழட்டிப்போட்டு சின்ன பல்ப் கொழுவுவம்."

"ஏலாது அண்ணை. என்ர குசினி, என்ர லைற். நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு நடவுங்கோ."

"இது தின்னிற கரண்டுக்கு..."

"நீங்கள் தின்னிற சீனியை விடக் குறைவுதான்!"

இஞ்சித் தேத்தண்ணியைச் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டுப் போவார். மறுநாளும் அதே கதையோடு வருவார்.

போன மாரியில் நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போன சாந்தி திரும்பி வரவில்லை.

அதன் பிறகு என் வீரத்தைச் சொல்ல வேண்டும். ஐம்பது தாண்டிய, மீசை வைத்த ஆம்பிளை. பிரிட்ஜ் உறுமினால் "ஆரது?" என்று கேட்பேன். பதில் வராதது நல்லதாய்ப் போயிற்று; வந்திருந்தால் நானும் அவளுக்குப் பின்னால் போயிருப்பேன். குசினி ரியூப்லைற்றை மட்டும் பகலிலும் அணைக்கவில்லை. வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் சாந்தி அதை அணைப்பாள். நான் அணைத்தால் எல்லாம் முடிந்தது என்றாகிவிடும்.

ஒரு மத்தியானம் மீற்றர் அண்ணை வந்தார். நான் பாய்ந்து போய், பந்தடியில் கோல் காக்கிறவனைப் போல் சுவிச்சுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"விடமாட்டன் அண்ணை. அவ போன நாளிலயிருந்து எரியுது."

அண்ணாந்து பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் நீளப் பெட்டி ஒன்றோடு திரும்பி வந்தார்.

"முனை ரெண்டும் கறுத்துப் போச்சு, தம்பி. சிமிட்டவும் தொடங்கிட்டுது. ஒருநாள் தானா நிண்டிடும். நீங்கள் தாங்கமாட்டியள். இது எல்.ஈ.டி. ரியூப். கனகாலம் எரியும்."

"மாத்துறதெண்டா அணைக்க வேணுமே!" என் குரல் கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டது.

அவர் பையிலிருந்து சின்ன பல்ப் ஒன்றை எடுத்து, வயரில் கொழுவி, அடுப்புக்கு மேலே எரியவிட்டார்.

"இப்ப அணையுங்கோ. குசினி இருட்டாகாது."

அணைத்தேன். அவர் கதிரையில் ஏறி மாற்றினார். நானே திரும்பப் போட்டேன். புது ரியூப் பளிச்சென்று எரிந்தது. உடனே சின்ன பல்பைக் கழற்றினார்.

"அது கிடக்கட்டுமே, அண்ணை."

"வேண்டாம். தங்கச்சி ஏசுவா."

குசினியை விட்டு வெளியேறும்போது பழக்கத்தில் அவர் கை சுவிச்சுப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது.

"எரியட்டும்" என்றார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

இப்போதும் பின்னேரங்களில் அவருடைய சைக்கிள் எங்கள் படலை வாசலில் நிற்கும். ஊரெல்லாம் விளக்கை அணைக்கத் திரிகிற மனிதர், எங்கள் குசினி யன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். கண்டதும் மணியை ஒரு தரம் அடிப்பார்.

நான் இஞ்சியைத் தட்டிப்போட்டு, சீனியைக் கொஞ்சம் கூடவே போடுவேன்.