வாசல் அண்ணாச்சியின் தூரக் கணக்கு

ஆகாய விமானம் வேகமாகப் போகும் என்பது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்று நிரூபிக்கவே பிறந்தவர் வாசல் அண்ணாச்சி. பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் வாடகைக் கார் வைத்திருக்கிறார். தூரத்தை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குத்தான் அளக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பெயரும் அதனால்தான்.

சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் என்று யாராவது சொன்னால், கார் துடைக்கும் துணியோடு வந்து நிற்பார். வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முக்கால் மணி, அங்கே காத்திருக்க இரண்டு, பறக்க ஒன்றரை, பெட்டி வர அரை, மீனம்பாக்கத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றேகால். ஆக ஆறு. காரில் பத்து.

"நாலு மணி நேரத்துக்காக மனுசன் வானத்துக்குப் போகணுமாவே?"

அந்தப் பத்தை நான் சரிபார்த்திருக்கிறேன். ஒருமுறை அவரோடு போனபோது பதின்மூன்று மணி இருபது நிமிடம் ஆனது. ஒன்பது இடத்தில் டீக்கு நின்றார். அதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன்.

"டீ வீட்ல இருந்தாலும் குடிப்போம்லா சார்வாள். அது எப்படிப் பயணத்துல சேரும்?"

முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். டீக்கான மூன்று மணி இருபது நிமிடத்தை நானே அடித்துவிட்டேன்.

போன வருஷம் சென்னையில் என் மகளுக்கு இருதய அறுவை சிகிச்சை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு. முந்தின இரவு ஒன்பதுக்குமேல் உள்ளே விடமாட்டார்கள். அதற்குள் வந்து தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போங்கள் என்றாள். வெள்ளிக்கிழமை ஒரு மணி விமானத்துக்கு மருமகன் டிக்கெட் போட்டார்.

கிளம்பும் நேரம் ராகுகாலத்தில் விழுந்தது. அதற்குமுன் பெட்டியை எதிர்வீட்டில் வைத்துவிட்டால் பயணம் நல்ல நேரத்தில் தொடங்கியதாகிவிடும் என்பது எங்கள் வழக்கம். பத்து மணிக்கே வைத்தேன். பத்தே முக்காலுக்கு அண்ணாச்சி காரில் ஏறினேன். குடை, கண்ணாடி, தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா நான்கும் இருக்கின்றனவா என்று வழியில் ஆறு முறை எண்ணினேன். விமான நிலையத்தில் ஆதார் கேட்டபோதுதான், பெட்டி இன்னும் எதிர்வீட்டில் நல்ல நேரத்தோடு உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. ஆதார் அதற்குள். போய் எடுத்துவர ஒன்றரை மணி நேரம். அதற்குள் விமானம் போய்விடும்.

அண்ணாச்சி ஒரு பிரசங்கமே வைக்கப்போகிறார் என்று பயந்தேன். அவர் கதவைத்தான் திறந்தார்.

"ஏறும் சார்வாள். கார்ல வாரோம்னு மகள்ட்ட சொல்லாதேயும். பிள்ள பயந்துரும்."

மதுரை போனது. திருச்சிக்கு முன்னால் டீசலுக்கு மட்டும் நின்றார். ஒன்பது டீக்கடைகளும் அவரைப் பார்த்தபடியே பின்னால் போயின. விழுப்புரத்தில் நானே, பாவம், ஒரு டீ குடிக்கலாமே என்றேன்.

"பேசாம இரியும்வே" என்று அதட்டினார். முப்பது வருஷப் பழக்கத்தில் முதல் அதட்டல்.

எட்டு நாற்பத்தெட்டுக்கு ஆஸ்பத்திரி. மகள் தலையில் கை வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம்தான் அவள் கண் விழித்தாள். கீழே வந்தேன். ஊருக்குத் திரும்பியிருப்பார் என்று நான் நினைத்திருந்த மனிதர், அதே சட்டையோடு கார் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பிள்ள முழிச்சாச்சா?"

"முழிச்சாச்சு. தண்ணி கேக்கா."

அண்ணாச்சி குழாயடிக்குப் போய் முகம் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.