ஹார்ட் டிஸ்க்குக்கு உப்புப் போட்ட கதை

கணினி விஷயத்தில் நான் முழு முட்டாள் இல்லை. முழு முட்டாளாக இருந்தால் விஷயம் தெரிந்த யாரிடமாவது வேலையை ஒப்படைத்திருப்பேன். நான் அரைகுறை.

இலங்கையில் சண்டை முடிந்து நாலைந்து வருடம் இருக்கும். புத்தளத்தை அடுத்த கற்பிட்டியில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டிலேயே குடியேறியிருந்தேன். புது மாப்பிள்ளை மாமியின் சமையலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நானும் திறக்கவில்லை. பதிலாக, தினமும் என் மடிக்கணினியில் எழுதி வைத்தேன். (மனதில் கிடப்பதை எங்கேயாவது கொட்ட வேண்டுமே.)

பிறகு புதுக் கணினி வாங்கினேன். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மாமா, "பழச நம்மட பள்ளி நூலகத்துக்குக் குடுங்களேன், மகன்" என்றார். "ஓம் மாமா" என்றுவிட்டேன். மாமியின் சமையலைப் பற்றி எழுதி வைத்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. அது வெளியே வந்தால் அந்த வீட்டில் எனக்கு ஒரு பிடி சோறு நிம்மதியாக இறங்காது.

டவுனில் கணினி திருத்துபவரிடம் கேட்டேன். "சும்மா அழிச்சா திருப்பி எடுக்கலாம். முழுசா அழிக்க புரோகிராம் இருக்கு, கொண்டு வாங்க. இல்லாட்டி ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி உடைச்சிருங்க" என்றார்.

அவரிடம் கொடுத்தால் அவர் வாசித்துவிடுவாரே. நானே கழற்றினேன். ஒரே திருகாணி, பக்கவாட்டில் ஒரு தட்டைப் பெட்டி சுகமாக வழுக்கி வந்தது. உடைத்தால் சத்தம் கேட்கும். ஆனால் உப்பளத்து ஊர்க்காரனுக்கு வழியா இல்லை? கூரைத் தகரம், சைக்கிள், கேட் எல்லாவற்றையும் உப்புத் தின்பதைப் பார்த்தே வளர்ந்தவன். பெட்டியை நனைத்து, மாமியின் கல்லுப்புப் பானையின் அடியில் புதைத்தேன். (அதே உப்புதான் கருவாட்டை மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை.)

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கையளிப்புக் கூட்டம். முன்வரிசையில் மாமா, பெண்கள் பக்கம் என் மனைவியும் மாமியும், சுவரில் படம் காட்ட ஒரு வெள்ளைத் துணி. ஹார்ட் டிஸ்க் இல்லாமல் கணினி உயிர் பெறாது, பிறகு புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுக் கொடுக்கலாம் என்று நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

நூலகப் பொறுப்பாளர் பொத்தானை அழுத்தினார். உயிர் பெற்றது.

"மாஷா அல்லாஹ், இதில தமிழும் எழுதலாம், பாருங்க" என்று கண்ணில் பட்ட முதல் கோப்பைத் திறந்தார். மாமாவிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. "என்ன எழுதியிருக்கு? சத்தமா வாசிங்க" என்றார்.

பொறுப்பாளருக்கு நல்ல குரல்வளம். "திங்கள். திருக்கை ஆணம். உப்பு இல்லை. செவ்வாய். இறால் ஆணம். உப்பு இல்லை. புதன். புத்தளத்தில் இருந்துகொண்டு உப்பில்லாமல் சமைக்க என் மாமியால்தான் முடியும்..." அங்கேதான் அவருக்கு யாருடைய மாமி என்று விளங்கியது.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "எனக்குப் பிரஷர், மகன். உப்பக் குறைக்கச் சொன்னது டொக்டர்."

கூட்டம் சிரித்தது. மாமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமி நேரே அடுப்படிக்குப் போனார். எனக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டியில் ஆணம். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் உப்புப் பானையின் அடிவரை கை போனது.

"மகன், இது என்ன?"

கையில் என் பெட்டி. கொஞ்சங்கூடத் துருப்பிடிக்கவில்லை. மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க கழட்டினது சீடி போடுற பெட்டி" என்று நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். மாமியும் சிரித்துவிட்டார்.

இன்றும் விருந்தாளி வந்தால், மாமி அந்தப் பெட்டியின் தட்டை வெளியே இழுத்து, அதில் கிண்ணத்தில் உப்பு வைத்து என் முன்னால் நகர்த்துவார். "மருமகனுக்கு" என்று சொல்லிவிட்டு, விருந்தாளி காரணம் கேட்கும்வரை காத்திருப்பார்.

போன மாதம் எனக்கும் பிரஷர் என்று டொக்டர் சொல்லிவிட்டார். உப்பைக் குறைக்க வேண்டுமாம். மாமியிடம் இதை எப்படிச் சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.