மெக்சிக்கோ மலையில் என் ஸ்பானிஷ்

1993ஆம் ஆண்டு நான் ஒரு வீரமான முடிவு எடுத்தேன். என் மனைவி சுலோச்சனாவின் வாய் செல்லாத ஒரு தேசத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது!

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டுக்கு வாய் ஒன்றுதான். அது அவளுடையது. கவுன்சில்காரனோடு கதைப்பது அவள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோடு வேலிச் சண்டை பிடிப்பதும் அவள். பல் வைத்தியர்கூட என்னை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "இவருக்கு எங்கே நோகிறது?" என்று அவளைத்தான் கேட்பார். அவள் சரியான பல்லைச் சொல்வாள். பல் நோவைவிட அதுதான் பெரிய நோ.

ஆகவே மெக்சிக்கோ. எனக்கு ஹீத்ரோவில் விமானச் சாப்பாடு கட்டும் வேலை. ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் காரில் ஸ்பானிஷ் கசெற் போட்டுக் கேட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

"மெக்சிக்கோவோ? அங்கை ஆரின்ரை கலியாணம்?" என்றாள் சுலோச்சனா.

"கலியாணம் இல்லையப்பா. மலை, அருவி, கோப்பித் தோட்டம், நல்ல சாப்பாடு. உலகம் பாக்க வேண்டாமே?"

"பாஷை தெரியாத ஊரிலை என்னெண்டு சமாளிக்கிறது?"

"அதை என்னட்டை விடும்," என்றேன். சொல்லும்போதே ஒரு அங்குலம் வளர்ந்தேன்.

பஸ் மேகத்துக்குள் ஏறி எங்களை ஒரு மலையூரில் இறக்கியது. ஊரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஊரே முடிந்துவிடும். கல் பாவிய சரிவுத் தெருக்கள், சிவப்பு ஓட்டுக் கூரைகள், எங்கு பார்த்தாலும் மூடுபனி. டொலறஸ் என்ற அம்மா நடத்தும் சின்ன விடுதியில் தங்கினோம்.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் சுலோச்சனா மச்சம் மாமிசம் தொடமாட்டாள். என் நேரம் வந்தது. தொண்டையைச் செருமினேன். ஸ்பானிஷில் 'சின்' என்றால் இல்லாமல். 'கொன்' என்றால் சேர்த்து. இறைச்சி இல்லாமல் என்று சொல்ல நினைத்து, "கொன்" என்றேன்.

கொன்றேன். டொலறஸ் பாதிப் பன்றியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதென்னப்பா?"

"இங்கத்தைப் பூசணிக்காய் இப்பிடித்தான் இருக்கும்."

"பூசணிக்காய்க்குக் காது இருக்குமோ?"

சுலோச்சனா எழுந்து நேரே குசினிக்குள் போனாள். "அம்மா, இண்டைக்கு வெள்ளி," என்று தமிழிலேயே சொன்னாள். கை கூப்பிக் கும்பிட்டாள். தட்டைக் காட்டித் தலையை ஆட்டினாள். டொலறஸ் உடனே சிலுவை போட்டுக்கொண்டார். கத்தோலிக்கரான அவருக்கும் வெள்ளி இறைச்சி விலக்கும் கிழமைதான்.

பிறகு உள்ளே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். மூன்று கால் வைத்த அம்மி ஒன்றின் முன்னால் சுலோச்சனா முழங்காலில் இருந்து மிளகாயும் தக்காளியும் அரைத்துக்கொண்டிருந்தாள். டொலறஸ் சோள ரொட்டி தட்டினார். ஒருவர் ஸ்பானிஷ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். இரண்டு பேருக்கும் விளங்கியது. அந்தச் சம்பலும் கறுப்புப் பயறும் சூடான ரொட்டியும் சேர்ந்த ருசி என் நாக்கை மடக்கிவிட்டது. ஸ்பானிஷ் பேச அது எழும்பவேயில்லை.

அடுத்த நாள் அருவி. டொலறஸின் தம்பி வழி காட்ட வந்தார். வழி பிரியும் இடத்தில் ஊன்றுகோல் வெட்ட நின்றவர், எங்களை முன்னால் போகச் சொல்லிக் கையை நீட்டி, "தெரேச்சோ!" என்றார்.

"வலது பக்கமாம்," என்று மொழிபெயர்த்தேன்.

"அவர் நேராயல்லோ காட்டினவர்?"

"உமக்கு ஸ்பானிஷ் தெரியுமோ?"

அவள் நேரே போனாள். நான் வலது பக்கம் திரும்பி இடுப்பளவு சேற்றுக்குள் போனேன். 'தெரேச்சா' என்றால்தான் வலது. 'தெரேச்சோ' என்றால் நேர். அந்த ஆவுக்கும் ஓவுக்கும் நடுவில் நின்று "ஆ! ஓ!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் நான் பிழையில்லாமல் உச்சரித்த ஸ்பானிஷ் அதுதான்.

சுலோச்சனா திரும்பி ஓடிவந்து, தம்பி வெட்டிய ஊன்றுகோலை வாங்கி நீட்டி இழுத்தெடுத்தாள். "அவர் கையாலை சொன்னதை நீங்கள் காதாலை கேட்டியள்," என்றாள். கோபமில்லை. என் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள். அருவியடியில் சாரல் முகத்தில் அடிக்க, சின்னப் பிள்ளை மாதிரிக் கூவினாள். லண்டன் குளிரில் அவள் அப்படிக் கூவி நான் கேட்டதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய முற்றத்தில், வானைத் தொடும் கம்பத்தின் உச்சியிலிருந்து நான்கு பேர் இடுப்பில் கயிறு கட்டித் தலைகீழாகச் சுழன்று இறங்கினார்கள். "தூக்குக் காவடியப்பா!" என்று சுலோச்சனா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கடைசி ஆள் காலூன்றும்வரை விடவில்லை. என் திட்டம் தோற்றுப்போனதில் எனக்கு ஒரு கவலையும் இல்லாமல் போனது அப்போதுதான்.

திரும்பும் நாள் டொலறஸ் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். எனக்குக் கை தந்தார். பஸ் மேகத்தை விட்டு இறங்கியது.

"இஞ்சருங்கோ," என்றாள் சுலோச்சனா. "அடுத்த வருசம் பெருவுக்குப் போவமே? அங்கையும் நல்ல மலையாம்."

என் மனம் துள்ளியது. ஒரு வருசம் இருக்கிறது, ஒழுங்காகப் படித்துவிடலாம்! "போவம், போவம். அங்கையும் ஸ்பானிஷ்தான் கதைக்கிறவை."

அவள் என் முழங்காலில் ஆதரவாகத் தட்டினாள்.

"அதுக்கேன் பயப்பிடுறியள்? நானும் வாறன்தானே."