ஒற்றை இடது கால்

“அண்ணி, தரையில கால் வைக்காம தரையைத் துடைக்க முடியுமா?”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நாத்தனார் இப்படிக் கேட்டபோது அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்று கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்து வாசலில் நின்றபோது அதே கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

காலையில் பூசிய பாலிஷ் காய்ந்து, வினைல் தரை தண்ணீர் தேங்கியதுபோல் மின்னியது. அதன் குறுக்கே, வாசலிலிருந்து ஜன்னல்வரை, ஜன்னலிலிருந்து வாசல்வரை, பால் சிந்தியது மாதிரி வெள்ளையாக ஷூத் தடங்கள். அத்தனையும் இடது கால்.

வலது காலைக் காணவே காணோம்.

பாலிஷ் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அண்ணி சற்றுமுன் ஜன்னல்வரை போய்வந்தது உண்மைதான். ஆனால் அவள் போனது இரண்டு காலால். ஆகவே இது வேறு யாரோ. இந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

இந்தக் கூடத்துச் சுத்தம் அவளும் நாத்தனாரும் சேர்ந்து எடுத்திருக்கிற கான்ட்ராக்ட். தரை மங்கிக் கிடக்கிறது என்று மேனேஜர் போன மாதமே முகத்தைச் சுளித்தார். தரை துடைக்கிற மெஷின் வைத்திருக்கிற கம்பெனிக்காரன் ஒருவன் தினமும் வந்து போகிறானாம். இன்று ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. மத்தியானம் மேனேஜர் வந்து பார்க்கும்போது தரையில் அவர் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கான்ட்ராக்ட் கைமாறிவிடும்.

அதனால்தான் நேற்று முழுக்க இருவரும் மண்டி போட்டுப் பழைய பாலிஷை உரித்தார்கள். அதனால்தான் இன்று காலை அரைத்தூக்கத்தில், வீட்டு வாசலில் கிடந்த ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அண்ணி முதலில் பிடித்தது வாட்ச்மேனை. வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் அவர்.

“உள்ள போனீங்களா?”

“எழுந்திருக்கவே இல்லம்மா.”

“தண்ணி குடிக்கக்கூடவா?”

“போனா ரெண்டு காலாலதான் போவேன். ஒத்தைக் கால்ல தாண்டிக் குதிச்சுப் போற வயசா எனக்கு?”

அண்ணி விடவில்லை. அவருடைய இடது பூட்ஸைக் கழற்றச் சொல்லித் தடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். தட்டுமேல் படகு வைத்தது மாதிரி இருந்தது. அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இங்கே வருகிறவர்களுக்குக் கண்ணே சரியாகத் தெரியாது, அவர்களுக்குத் தடம் எங்கே தெரியப்போகிறது என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எடுபடவில்லை.

இரண்டாவது பூச்சு போட்டால் தடம் மறைந்துவிடும் என்று அண்ணி முடிவு செய்தாள். ஜன்னலோரம் போய் நின்று, வழக்கம்போலப் பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து, மாப்பால் பூசிக்கொண்டே வாசலுக்கு வந்து சேர்ந்தாள். பூசிய இடத்தில் ஒரு காக்கை குருவிகூட இறங்கவில்லை. அதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

காய்ந்ததும் பார்த்தால் தலை சுற்றியது. முன்பு ஒருத்தர் நடந்த தரையில் இப்போது ஒரு கூட்டமே நடந்திருந்தது. மூலைமுடுக்கெல்லாம் இடது கால்.

யாருமே நடக்காத தரை அது. அவளைத் தவிர.

அப்போதுதான் நாத்தனார், பின்னறைகளின் கண்ணாடியைத் துடைத்து முடித்துக்கொண்டு வாளியோடு வந்தாள். கூடத்தைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள். அண்ணியின் பார்வை நேராக அவள் ஷூவுக்குப் போனது.

இருவருடையதும் ஒரே கடை, ஒரே அளவு கேன்வாஸ் ஷூ. மாறிப்போகக் கூடாது என்று நாத்தனார் தன் ஜோடிக்குப் பின்பக்கக் காதில், குதிகாலுக்கு மேலே, சிவப்பு நூல் கட்டியிருந்தாள். நேற்று பாலிஷ் உரிக்கிற மருந்துக் கேன் சாய்ந்தது அவள் இடது காலில்தான். அந்த மருந்து ரப்பரில் ஊறிவிட்டால் லேசில் போகாது. ஈரம் பட்டால் மறுபடி வேலையைக் காட்டும், கால் பட்ட இடத்துப் பாலிஷை வெளுக்கடிக்கும்.

“நேத்து உன் கால்லதானடி மருந்து கொட்டுச்சு?”

“ஆமா. அதுக்கு?”

“இடது கால்தான?”

நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலைத் தூக்கிக் காட்டினாள். அடிப்பாகம் படு சுத்தம். ஒரு பிசுபிசுப்பு இல்லை. நேற்றுக் கழுவியதில் போய்விட்டது போலிருக்கிறது என்று அவளே ஆச்சரியப்பட்டாள். பிறகு, எல்லாருடைய காலையும் பார்க்கிறவர் தன் காலையும் ஒரு தடவை காட்டலாமே என்றாள்.

“நான் எதையும் கொட்டிக்கல. என் காலை எதுக்குக் காட்டணும்?” என்றாள் அண்ணி. சின்னவள் சோதனை போட்டுத் தான் கால் தூக்கி நிற்பதா என்ற ரோஷம் அவளுக்கு.

அந்த ரோஷத்தில் தேய்க்கிற நாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு தடத்தைத் தேய்த்தாள். தடம் போனது. கூடவே சுற்றியிருந்த பாலிஷும் போய், தட்டு அளவுக்குச் சொட்டை விழுந்தது. சொட்டையைச் சரிசெய்ய முழங்காலை நகர்த்தி, எழுந்து, மறுபக்கம் போய்க் குனிந்தாள். போன வழியெல்லாம் புதிதாக நாலு இடது கால் பூத்திருந்தது.

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வாசலில் நின்று தரையைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது யார் கால்?”

மெஷின் கம்பெனிக்காரன் போன வாரம் நாத்தனாரைத் தன்னிடம் வேலைக்குக் கூப்பிட்டது அந்த நேரம் பார்த்தா அண்ணிக்கு நினைவுக்கு வர வேண்டும்?

“என் நாத்தனார் கால் சார்,” என்றாள்.

நாளைக் காலை நோயாளிகள் வருவதற்குள் இந்தக் கால் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் காருக்குத் திரும்பினார்.

நாத்தனார் அழவில்லை. சண்டையும் போடவில்லை. தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் அண்ணி. கோபம் வந்தால் அவளுக்கு மரியாதையும் சேர்ந்து வந்துவிடும்.

“மெஷின் கம்பெனிக்கு. அங்க பழி வந்தா மெஷின் மேலதான் வரும், என் மேல வராது அண்ணி.”

போகாதே என்று சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லை. தப்பு இவள்மேல் இல்லை என்றால் பிறகு யார்மேல்? அதுவும் புரியவில்லை. இருவரும் வாட்ச்மேனுக்கு முதுகைக் காட்டியபடி, அந்தக் கூட்டம் கூட்டமான இடது கால்களைப் பார்த்து நின்றார்கள்.

பின்னாலிருந்து பெரியவர் மெல்லச் செருமினார்.

“நானும் காலையிலேருந்து கேக்கலாமா வேணாமான்னு பாக்கறேன். அந்தச் சிவப்பு நூலு, அவங்களுக்கு வலது கால்லயும் உங்களுக்கு இடது கால்லயும் இருக்கே, அது என்னம்மா கணக்கு?”

நாத்தனாரின் தோளிலிருந்து பை மெதுவாகக் கீழே இறங்கியது.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இடது ஷூவைக் கழற்றினாள். அதை நாத்தனாரின் காலடியில் வைத்தாள். உரிக்கிற மருந்துக் கேனைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் ஷூவோடு கூடத்துக்குள் போனாள்.