கார்டு இறங்க மாட்டேன் என்கிறது

அன்புள்ள மாப்பிள்ளை கிரீஷுக்கு,

பாலிகஞ்சிலிருந்து சீதாராமன் அநேக ஆசீர்வாதம். இங்கு நானும் உங்கள் மாமியார் வத்சலாவும் க்ஷேமம்; நீங்கள் போட்டுக் கொடுத்த, ஸ்வரம் எழுதும் இசை சாஃப்ட்வேர் மட்டும் க்ஷேமமாக இல்லை. போனில் சொன்னால் வத்சலா காதில் விழும், அதனால் ஈமெயில். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்க ஆண்டு விழா. வாழ்த்துப் பாட்டுக்கு வத்சலாதான் முதல் குரல், மகேஸ்வரி பின்குரல், வத்சலாவை மாஷிமா என்று கூப்பிடும் மாடி வீட்டு தீபங்கர் கிட்டார். அவனுக்காக ஸ்வர வரிக்கு மேலே எந்தத் தந்திகளைச் சேர்த்து மீட்டுவது என்று காட்டும் ஜி, சி, டி கார்டுகள் போட்டுத் தருகிறேன் என்று நானாகவே வாயை விட்டேன். பாங்கில் டைப்படித்துப் பழகிய கை. ஒரு எழுத்தைச் சற்றுத் தள்ளி வைக்கலாமென்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கர்சர் தாளத்தின் அடுத்த அட்சரத்துக்குத் தாவியது, மறுபடி தட்டினேன், மறுபடி தாவியது, ‘வாழ்க’வுக்கு மேலே உட்கார வேண்டிய சி யாருமே பாடாத இடத்தில் போய் உட்கார்ந்தது, அதை மௌஸால் இழுத்தால் பக்கத்து டி வந்தது. ஒருவழியாக எல்லாவற்றையும் இடத்தில் வைத்து நிமிர்ந்தால், வத்சலா வந்து, “ஜலதோஷத்துல அஞ்சு கட்டை எட்டலை, நாலரைக்கு எறக்கிடுங்கோ” என்றாள். மெனுவில் தேடி இறக்கினேன். ஸ்வரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன், எல்லாம் இறங்கியிருந்தன. கார்டுகளும் கூடவே இறங்கியிருக்கும் என்று நம்பிவிட்டேன். அவை அஞ்சு கட்டையிலேயே நின்றிருக்கின்றன.

நேற்று ஒத்திகை. முதல் வரி முடிவதற்குள் தீபங்கர் கிட்டாரைக் கீழே வைத்து, “மாஷிமா பாடறது பாலிகஞ்ச், நான் வாசிக்கறது அலிப்பூர்!” என்று வங்காளியில் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். வத்சலா சிரிக்கவில்லை.

“நாளைக்குள்ள சரியா வரலேன்னா மகேஸ்வரியே முன்னால நின்னு பாடட்டும். நான் பின்னால தாளம் போட்டுக்கறேன்.”

அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. காபி டம்ளர் மட்டும் டொக்கென்று வந்து உட்காருகிறது. கார்டுகளை இறக்க எங்காவது டிக் அடிக்க வேண்டுமா? அடித்தால் ஸ்வரங்கள் இன்னொரு தடவை இறங்கிவிடுமா? தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும். ஆனாலும் ஸ்வரம் இறங்கும்போது அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கார்டு இறங்காது என்று எந்த மடையன் வகுத்தான்? தயவுசெய்து இன்றே நியூ டவுனிலிருந்து வந்து சரிசெய்யவும். முடியாவிட்டால் சாஃப்ட்வேரையே எடுத்துவிடவும்.

ஸ்னேகாவுக்கும் உங்களுக்கும் சகல மங்களமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
சீதாராமன்

பி.கு.: வர வேண்டாம். அனுப்பப் போகும் சமயம் வத்சலா எட்டிப் பார்த்து, “மாப்பிள்ளைக்குக் கம்ப்ளெயின்ட்டா? ஜலதோஷம் விட்டுடுத்து. அஞ்சு கட்டைலேயே பாடிடறேன், ஏத்துங்கோ” என்றாள். ஸ்வரங்களை ஏற்றினேன். கார்டுகள் அத்தனையும் சரியாக இருக்கின்றன. தீபங்கர் வாசித்தும் காட்டிவிட்டான். இவ்வளவு டைப்படித்ததை வீணாக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். ‘மடையன்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் படிக்கவும். அவள் சொன்னவுடன் இறங்கியவன் நான். இறங்காமல் நின்றது அது. உங்கள் மாமியாரை என்னைவிட அதற்கு நன்றாகத் தெரியும் போலிருக்கிறது.